கொழுந்தோடு வாட்டிய பியானோ

கட்டையை அமுக்கினேன். உள்ளே போனது. திரும்பி வரவில்லை.

பக்கத்துக் கட்டையை அமுக்கினேன். அதுவும் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்றாவது, நான்காவது என்று வரிசையாக அமுக்கிக்கொண்டே போனேன். ஆடி மாத மழையில் ஊறிய பெட்டி. சேற்றில் கால் வைத்த எருமை மாதிரி ஒவ்வொரு கட்டையும் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.

நாற்பது வருடமாகப் பியானோ வாசிக்கிறேன். அன்றைக்குக் கேட்ட மௌனத்தைப் போல இனிமையான ஒன்றை அதுவரை கேட்டதில்லை.

இடம், மஞ்சூருக்கு மேலே இருக்கும் எஸ்டேட் கிளப். நாள், வியாழக்கிழமை. வருகிற ஞாயிறு மாலை அந்த ஹாலில் என் கச்சேரி.

"அய்யய்யோ!" என்றேன். முகத்தை எவ்வளவு தொங்கவிட முடியுமோ அவ்வளவு தொங்கவிட்டேன். "இதுல எப்படிங்க வாசிக்கறது?"

கிளப் செயலாளர் போஜன் கையைப் பிசைந்தார். நல்ல மனிதர். ஊட்டி வரைக்கும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். என்னுடைய பழைய அறிமுகக் குறிப்பு ஒன்றைத் தேடிப்பிடித்து, 'ஒரு தாள்கூட எதிரில் வைக்காமல் முழுவதும் மனப்பாடமாக வாசிப்பவர்' என்று அதில் கொட்டை எழுத்தில் வேறு போட்டிருந்தார்.

"ஏனுங்க, ஈரந்தானுங்களே? ஒரு ஹீட்டர் வெச்சுப் பாக்கலாமுங்களா?"

"இது என்ன ஈரத் துண்டுங்களா? எத்தனை நுணுக்கமான வாத்தியம்! ரத்து பண்ணிருங்க போஜன் சார். எனக்கும் வருத்தந்தான்."

பின்னால் ஒரு கனைப்புச் சத்தம். செல்வராஜ் நின்றிருந்தான். நானும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது அவன் நாங்கள் வளர்ந்த இதே எஸ்டேட்டின் ஃபேக்டரியில் டீ மேக்கர். பச்சை இலை தூளாகி வெளியே போகிற வரைக்கும் அவன் பொறுப்பு. இலையை ஒரு கை அள்ளிப் பிடித்து, விரித்துப் பார்த்து, ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவான். மீட்டரை அப்புறம்தான் பார்ப்பான்.

அவன் வந்து ஒரு கட்டையை அமுக்கினான். விரலை மோந்து பார்த்தான்.

"பச்சக் கொழுந்து மாப்ள. வாட்டம் பத்தல."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அவன் ஜோக் அடிக்கிறான் என்று நினைத்தது என் பிழை.

வெளியே போகும் கதவு

கச்சேரி நின்றுபோனால் ஒரு கலைஞனுக்கு ஏன் இத்தனை ஆனந்தம் என்று கேட்பீர்கள். இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு பிம்பம் இருக்கும். எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, ஐரோப்பா வரை போய் வாசித்துவிட்டு, கோட்டும் சூட்டுமாகக் குன்னூரில் வந்து குடியேறியவன். பிம்பத்தை வைத்தவன் நானேதான். இந்த வாரம் அந்தக் கோட்டைக் கழற்றிக் காட்டுகிறேன். உள்ளே லைனிங் கிழிந்திருக்கிறது.

கச்சேரிப் பியானோக்காரன் எல்லாவற்றையும் மனப்பாடமாக வாசிக்க வேண்டும். அப்படி ஒரு சட்டமெல்லாம் கிடையாது. எதிரில் தாளை வைத்துக்கொண்டால் மற்ற பியானோக்காரர்கள் உதட்டைச் சுழிப்பார்கள், அவ்வளவுதான். அந்த உதட்டுக்குப் பயந்து உலகம் முழுக்க வளர்ந்த மனிதர்கள் லட்சக்கணக்கான சுரங்களை உருப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.

போன வருடம் சென்னையில் ஒரு சொனாட்டா வாசித்தேன். அதில் ஓர் இடம் இரண்டு முறை வரும், அச்சு அசலாக ஒரே மாதிரி. முதல் தடவை வரும்போது அங்கிருந்து ஒரு கருப்புக் கட்டையில் ஏறித் தொலைதூரம் சுற்றப் போக வேண்டும். இரண்டாம் தடவை வரும்போது, அதை ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டையில் இறங்கினால் வீடு வந்துவிடும், எழுந்து கும்பிடு போடலாம். வாசிக்கிறவன் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. இது முதல் தடவையா, இரண்டாம் தடவையா?

எனக்குத் தெரியவில்லை.

கெத்தை வழியாக மஞ்சூர் ஏறும் பஸ்ஸில் கண்ணயர்ந்து விழித்திருக்கிறீர்களா? நாற்பத்துச் சொச்சம் கொண்டை ஊசி வளைவுகளில் இது எத்தனையாவது என்று யாருக்குத் தெரியும்? எல்லா வளைவிலும் அதே பாறை, அதே குரங்கு. நான் கருப்புக் கட்டையில் ஏறினேன். சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்தேன். மறுபடி ஏறினேன். மறுபடி வந்தேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது சுற்று முடிந்ததும், கைக்கு வந்த நாலு கட்டைகளை ஒரே நேரத்தில் ஓங்கி அறைந்து, எழுந்து நின்று கும்பிட்டுவிட்டேன்.

கைத்தட்டல் பலமாக இருந்தது. விடுதலை கிடைத்தவர்கள் தட்டுவது வேறு மாதிரி இருக்கும்.

மறுநாள் ஒரு விமர்சகர் 'மீண்டும் மீண்டும் மூலத்தை நாடித் திரும்பும் தியானம்' என்று எழுதினார். அவரிடம் எப்படிச் சொல்வேன், ஐயா நான் வெளியே போகும் கதவைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று?

வலி ரோட்டைக் கிராஸ் பண்ணியது

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் மணிக்கட்டு வலி என்று சொல்லிவிட்டேன். வலிக்கு ஓர் உடுப்பு வேண்டுமே? மருந்துக் கடையில் கிரேப் பேண்டேஜ் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். பார்க்கிறவர்கள் கண்ணில் மரியாதை கூடியது. பியானோக்காரனின் மணிக்கட்டு வலிக்குப் போர்வீரனின் காயத்துக்கு உள்ள கௌரவம் உண்டு. மறதிக்கு அந்தக் கௌரவம் கிடையாது.

என் மனைவி வசந்தி கணக்கு டீச்சர். ஒரு நாள் காலை தோசை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, நேத்து வலது கையில இருந்த வலி இன்னைக்கு எடது கையில இருக்குதுங்களே. எப்ப ரோட்டக் கிராஸ் பண்ணுச்சு?"

கையைப் பார்த்தேன். குளித்துவிட்டு மாற்றிக் கட்டியிருந்தேன்.

அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆனால் போஜனிடமிருந்து போன் வந்த அன்றைக்கு, நான் மறுப்புச் சொல்லத் தொண்டையைச் செருமுவதற்குள் போனை வாங்கி, "வர்றாருங்கண்ணா. வலியெல்லாம் சரியாப் போச்சுங்க. எந்தக் கையிலயும் இல்லீங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு என்னிடம் திரும்பினாள். "இத விட்டா இனிமே எப்பவும் வாசிக்க மாட்டீங்க. உங்களுக்கும் தெரியுமுங்க."

தெரியும். தெரிந்ததால்தான் வியாழக்கிழமை அந்த ஊறிப்போன பெட்டியைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கத் தோன்றியது. நானாக வாத்தியத்தை விட்டால் கோழை. வாத்தியம் என்னை விட்டால் தியாகி.

பியானோவுக்கு ஒரு பல்பு

இந்தப் பெட்டிக்கும் எனக்கும் உள்ள உறவைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் எஸ்டேட்டில் மூன்று மணிகள் இருந்தோம். மட்டன் மணி, டிராக்டர் மணி, பியானோ மணி. முதல் இருவரால் ஊருக்கு உபயோகம் இருந்தது.

என் அப்பா கிளப்பில் மார்க்கர். பில்லியர்ட்ஸ் மேஜை பக்கத்தில் நின்று துரைமார் எடுக்கிற பாயின்ட்டைச் சொல்லும் வேலை. கூடவே இன்னொரு பொறுப்பும் உண்டு. மழைக்காலம் வந்தால் பியானோவின் அடிப்பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு நாற்பது வாட்ஸ் பல்பைப் பொருத்தி எரியவிட வேண்டும். மலைமேல் பெட்டி பிழைப்பதற்கு அந்தச் சூடு போதும். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு ஒரு பல்பு. பியானோவுக்குத் தனியாக ஒன்று. அந்தப் பல்பை மாட்டப் போன அப்பாவோடு ஒட்டிக்கொண்டு போய்த்தான் நான் முதல் கட்டையை அமுக்கினேன்.

அப்பாவுக்குப் பின்வாசல் வழிதான். கிளப் விதி. இப்போது எனக்கு முன்வாசலில் வரவேற்பு வளைவே வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை நான் பாட்டுக்குச் சமையலறை வழியாக நுழைந்து, போஜன் வாசலில் மாலையோடு காத்திருப்பதை உள்ளிருந்து எட்டிப் பார்த்தேன். கால்களுக்கு மட்டும் எதுவுமே மறப்பதில்லை.

பல்பு? யாரோ சிக்கனமான ஒரு செயலாளர் காலத்தில் எல்.இ.டி. மாட்டிவிட்டார்களாம். வெளிச்சம் பிரமாதம். சூடு கிடையாது. பியானோவுக்குள் இருந்த பூச்சிகள் ஏழெட்டு வருடமாகப் புத்தகம் படிக்கிற வெளிச்சத்தில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

எண்பத்தைந்தில் ஒன்று

சனிக்கிழமை காலை செல்வராஜ் போன் செய்தான். "மாப்ள, பெட்டி ஃபேக்டரியில இருக்குது. வந்து பாத்துட்டுப் போ."

வசந்தியும் நானும் போய்ச் சேர்ந்தபோது நான் கண்டதை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். நானா, மறக்க மாட்டேன்!

தேயிலை ஃபேக்டரியில் வாட்டுகிற மாடி என்று ஒன்று உண்டு. நீளநீளமான தொட்டிகளில் கம்பி வலை போட்டு, அதன்மேல் பறித்த கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். மழைக்காலத்தில் சூடான காற்று. இலையிலுள்ள ஈரம் போய்த் துவளும். அந்தத் தொட்டி ஒன்றின் கடைசியில், இலையை ஒதுக்கிவிட்டுப் பலகை போட்டு, முன்மூடியும் அடிப்பலகையும் கழற்றி, நெஞ்சைத் திறந்துகொண்டு நின்றிருந்தது என் பியானோ. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கொழுந்து. அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்று. வயசான மாமனார் ஆவி பிடிக்கிற மாதிரி இருந்தது.

"அடப்பாவி!" என்றேன். "நூறு வருஷப் பெட்டிடா! கோந்து காஞ்சா எல்லாம் உதுந்துருண்டா! பியானோவ யாராச்சும் வாட்டுவாங்களா?"

"ஈரம் குடிச்சத வாட்டாம, ஊறுகாயா போடுவாங்க? வியாழக்கெழம சாயங்காலம் எட்டுப் பேரு தூக்கி டிராக்டர்ல ஏத்துனோம். கொழுந்துக்கு என்ன பக்குவமோ அதே பக்குவம். மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா வந்து அமுக்கிப் பாத்தேன்."

போஜன் அங்கே பெருமிதத்தோடு நின்றிருந்தார். "நல்ல ரோசனைங்க, இல்லீங்களா?"

ஒரு கட்டையை அமுக்கினேன். இறங்கியது. துள்ளி எழுந்தது. அடுத்தது. அதுவும். துரோகிகள். இடமிருந்து வலம் வரை எல்லாம் எழுந்து நின்று ஆஜர் சொல்லின. சுருதி மட்டும் தெருவில் கிடந்தது.

நடுவில் ஒரு கருப்புக் கட்டை மட்டும் 'டக்' என்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். கம்பியைத் தட்டுகிற கம்பளிச் சுத்தியலின் தலையைக் காணோம். கோந்து காய்ந்து எங்கோ விழுந்திருந்தது. காம்பு மட்டும் காற்றில் ஆடிவிட்டு வந்தது.

என் நெஞ்சில் ஒரு குருவி கூவியது.

"போச்சு! ஒரு சுரமே செத்துப்போச்சுங்க! இனி எப்படி?"

"எத்தனைங்க மொத்தம்?" என்றார் போஜன்.

"பழைய பெட்டி. எம்பத்தஞ்சு."

"எம்பத்தஞ்சுல எம்பத்திநாலு," என்றாள் வசந்தி. "தொண்ணூத்தெட்டுக்கு மேல மார்க்குங்க. எங்க ஸ்கூல்ல இதுக்கு மேடையில கூப்புட்டு பரிசு குடுப்போம்."

"சோத்துல ஒரு கல்லு கெடந்தா சட்டியோட கவுத்தறதில்ல மாப்ள," என்றான் செல்வராஜ்.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "சுருதி சேக்கணுமே. சாவிய ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்."

வசந்தி கைப்பையைத் திறந்து, சுருதிச் சாவியை எடுத்து, கொழுந்தின் மேல் வைத்தாள்.

பெட்டியைக் கிளப்புக்குக் கொண்டுபோன பிறகு அன்று முழுவதும், ஞாயிறு மதியம் வரைக்கும், சுருதி சேர்த்தேன். மற்ற உருப்படிகளையெல்லாம் வாசித்துப் பார்த்தேன். சொனாட்டாவை மட்டும் தொடவில்லை. தூங்குகிற நாயை எதற்கு எழுப்புவது? எந்தக் கட்டை செத்தது, அது எங்கெங்கே வரும் என்று யோசிக்கிற புத்திகூட எனக்கு அப்போது இல்லை.

டக்

ஹால் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் கோட்டுப் போட்ட கிளப் மெம்பர்கள். இரண்டாவது வரிசையில், பெட்டியைத் தூக்கிய எட்டுப் பேர். "தூக்குனவனுக்கு நாற்காலி இல்லாட்டி பெட்டி ஃபேக்டரியிலயே கெடக்கட்டும்," என்று செல்வராஜ் சொல்லிவிட்டானாம். எட்டுப் பேரும் முன்வாசல் வழியாக வந்தார்கள். வளைவைத் தாண்டும்போது ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். போஜன் சங்கடத்தோடு, "போட்டுக்குங்க, போட்டுக்குங்க," என்று கூடவே ஓடினார்.

உட்கார்ந்தேன். பெட்டி முழுக்கத் தேயிலை வாசம். முதல் உருப்படியில் பலமாக ஓர் இடம் வரும். அங்கே இரண்டு கையாலும் இறக்கியபோது, உள்ளே படிந்திருந்த தேயிலைப் பஞ்சுத் தூசி மேலே கிளம்பி, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டே போய் முதல் வரிசைமேல் இறங்கியது. மெம்பர்கள் வரிசையாகத் தும்மினார்கள். இரண்டாவது வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுடையது பழகிய மூக்கு.

பிறகு சொனாட்டா.

காதுக்குள் என் இதயம் வேறொரு தாளத்தில் வாசித்தது. அந்த இடம் வந்தது. முதல் தடவை. கருப்புக் கட்டையில் ஏறினேன்.

டக்.

ஓ, செத்தது நீதானா! சத்தமில்லாத ஒரு படியைத் தாண்டி மேலே ஏறிச் சுற்றப் போனேன். அதுவரை சரி. போகிற வழியில் மூளை பேச்சை ஆரம்பித்தது. வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தோமா? அந்தச் சென்னைப் பெரியவர் வந்திருப்பாரோ? வசந்தி ஏன் முகத்தைத் துடைக்கிறாள்? விரல்கள் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று பார்த்தால் அதே பாறை, அதே குரங்கு. அந்த இடத்தில் நிற்கிறேன்.

இது முதல் தடவையா, இரண்டாம் தடவையா?

ஒன்றும் தெரியவில்லை. துடைத்து வைத்த சிலேட்டாக இருந்தது மண்டை. விரல் சென்னையில் போன அதே வழியில் போய், கருப்புக் கட்டையை அமுக்கியது.

டக்.

இந்த 'டக்'கை நான் ஏற்கெனவே ஒரு தடவை இங்கே கேட்டிருக்கிறேனே!

அப்படியானால் இது இரண்டாவது. விரலை அப்படியே வழுக்கிப் பக்கத்து வெள்ளைக் கட்டையில் இறக்கினேன். கதவு திறந்தது. வீட்டுக்குப் போகிற வழி நீளமாக, தெளிவாக, எதிரில் கிடந்தது. போனேன்.

தப்புப் பண்ணினேன், நிஜம். எண்பத்தைந்து கட்டைகளில் ஊமையாக இருந்த ஒரே கட்டையில் போய்ப் பண்ணினேன். பெட்டி அதை யாரிடமும் சொல்லவில்லை.

கைத்தட்டினார்கள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது வரிசையிலிருந்து, "ஒரு சினிமாப் பாட்டுங்க!" என்று குரல் வந்தது. வாசித்தேன். மாலையின் மிகப் பெரிய வெற்றி அதுதான் என்பதை வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன்.

வாசல் படியில் செல்வராஜ் பிடித்துக்கொண்டான். வசந்தி குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"செல்வராசு, ஒண்ணு சொல்லணும்," என்றேன். "எனக்குக் கை வலிச்சதே இல்லடா. போன வருஷம் மேடையில மறந்துபோச்சு. பயம். அவ்வளவுதான்."

"தெரியுமே."

"எப்படிடா?"

"வியாழக்கெழம அந்தக் கட்ட எந்திரிக்காமப் படுத்துச்சு பாரு, நீ சிரிச்ச. வாய்தான் அய்யய்யோன்னுச்சு. அஞ்சாம் கிளாஸ் கணக்குப் பரீட்சையன்னிக்கு வாத்தியாருக்குக் காய்ச்சல்னு லீவு விட்டப்ப சிரிச்ச அதே சிரிப்பு. அன்னிக்கி உனக்கு வயித்து வலி. இப்பக் கை வலி. வலி மேல ஏறிக்கிட்டே வருது மாப்ள. தலைக்கு வந்தா வைத்தியம் இல்லைன்னுதான் பெட்டியத் தூக்குனேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். பிரித்தேன். கம்பளிச் சுத்தியலின் தலை. "தொட்டியக் கூட்டறப்பக் கெடச்சுது. ஒட்டிக்கோ. ஒரு பாக்கெட்டு தூளோட போயிருக்கும், நல்லவேள."

ஒட்டிவிட்டேன். கிளப் பெட்டி இப்போது முழுதாகப் பேசுகிறது. போஜன் பழைய நாற்பது வாட்ஸ் பல்பைத் தேடிப்பிடித்து மாட்டிவிட்டார்.

அடுத்த மாதம் பெங்களூரில் அதே சொனாட்டாவை வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். என் வாயாலேயே ஒப்புக்கொண்டேன், வசந்தி போனைப் பிடுங்கவில்லை. அங்கே புத்தம் புதிய பெட்டியாம். எண்பத்தெட்டுக் கட்டையும் மணி மாதிரி ஒலிக்குமாம். அமைப்பாளர் இதைச் சொன்னபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்று காலை தோசைக்கு உட்கார்ந்தபோது சொன்னேன். "வசந்தி, வயிறு லேசா வலிக்குது."

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"எந்தப் பக்கம்னு இப்பவே முடிவு பண்ணிக்குங்க. அப்புறம் மாத்தக் கூடாது."